'பத்து ஆண்டு ஆயிற்று': கழிந்த காலத் தொடர்களில் எண் இயைபு
(சால்ட் லேக்கின் மொழிச் சூழலை முன்வைத்து)

கொல்கத்தா மாநகரின் கிழக்கெல்லையில் உள்ள சால்ட் லேக், 1960-களின் தொடக்கம் வரை உப்புநீர்ச் சதுப்பாகக் கிடந்த நிலம். மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முயற்சியால் 1962-இல் அங்கு நிலம் நிரப்பும் பணி தொடங்கிற்று. யூகோசுலாவியாவின் இவான் மிலுட்டினோவிச் நிறுவனம் ஹூக்ளி ஆற்றின் வண்டலை நீரோடு கலந்து குழாய்களின் வழியே கொண்டுவந்து சதுப்பை மேடாக்கியது. நகரின் அமைப்புத் திட்டத்தை அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் தொப்ரிவோயெ தொஷ்கோவிச் வகுத்தார். பணி தொடங்கிய அதே ஆண்டில், சூலை முதல் நாளன்று, ராய் மறைந்தார். நகருக்குப் பின்னர் அவர் பெயரால் பிதான்நகர் என்ற பெயர் ஏற்பட்டது. ஆயினும் மக்கள் வாயில் சால்ட் லேக் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. 1972 திசம்பரில் காங்கிரசு மாநாடு இங்கு கூடியது. அப்போது பணி தொடங்கிப் பத்து ஆண்டு ஆகியிருந்தது.

இக்கடைசித் தொடரே இங்கு ஆய்வுக்குரியது. இதனை அச்சுக்குக் கொடுத்தால் மெய்ப்புத் திருத்துவோர் பலர் 'பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன' என்று மாற்றுவர். 'பத்து ஆண்டுகள் ஆகியிருந்தது' என்று ஒருவர் எழுதிவிட்டால், அதனை ஒருமை பன்மை மயக்கம் என்று பள்ளி இலக்கணம் பிழையாகவே கொள்ளும். ஆங்கில மூலத்தில் 'டென் இயர்ஸ் ஹேவ் பாஸ்ட்' என்றிருக்க வேண்டுமா, 'டென் இயர்ஸ் ஹேஸ் பாஸ்ட்' என்றிருக்கலாமா என்பது அம்மொழியாளரிடையேயும் கருத்து வேறுபாடுள்ள செய்தி. ஒரே வகையான தொடரில் தொடர்பற்ற மொழிகள் இடறுவது தற்செயலாக இருத்தல் இயலாது. கழிந்த காலத்தைக் கூறும் தொடரில் எண் இயைபு தளர்வது பிழையன்று என்பதும், அத்தளர்ச்சி அளத்தல், எண்ணுதல் என்னும் இரு செயல்களை வேறுபடுத்திக் காட்டும் இலக்கணக் கருவி என்பதும் இக்கட்டுரையின் துணிபு. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை உணராது பன்மையை எங்கும் திணிக்கும்போது பொருள் இழப்பு நேர்கிறது.

சால்ட் லேக்கில் வழங்கும் மொழிகள்

சால்ட் லேக்கில் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் வங்கத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. இந்தியும் கடைத்தெருவிலும் வண்டி நிறுத்தங்களிலும் பெருக வழங்குகிறது. கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சி 2018 முதல் இங்குள்ள சென்ட்ரல் பார்க்கில் நடைபெறுவதால், மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இவ்விடம் அறிமுகமானதே. இம்மூன்று மொழிகளும் கழிந்த காலத்தை மூன்று வகையாகக் கூறுகின்றன.

வங்க மொழியில் வினைமுற்றுக்கு எண் வேறுபாடே இல்லை. வருபவர் ஒருவராயினும் பலராயினும் வினை ஒன்றே. மரியாதை வேறுபாடு மட்டும் உண்டு. எண்ணுப்பெயர் முன்வரும்போது பெயரும் பன்மை விகுதி ஏற்பதில்லை. ஆகவே 'தொஷ் பொச்சோர் ஹோலோ' (பத்து ஆண்டு ஆயிற்று) என்னும் தொடரில் பன்மையைக் காட்டும் உருபு எங்கும் இல்லை. இயைபுச் சிக்கல் எழுவதற்கே அங்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் நுணுகி நோக்கின் வேறொன்று புலப்படும். வங்கத்தில் எண்ணுப்பெயரோடு 'டா', 'ஜோன்' முதலிய வகைப்படுத்திகள் சேர்வது பொது விதி. மரம், நாற்காலி போன்றவற்றை எண்ணும்போது 'டா' இன்றியமையாதது. ஆண்டு, நாள், மாதம் போன்ற அளவுப்பெயர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை வகைப்படுத்தியின்றி நேரே எண்ணோடு சேரும்.

இவ்விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. 'தொஷ்டா பொச்சோர் கேட்டே கேலோ' என்று ஒருவர் கூறினால் அவர் காலத்தை அளக்கவில்லை. பத்து ஆண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழித்ததைக் கூறுகிறார். வழக்கு மன்றத்திலோ நோய்ப்படுக்கையிலோ வீணாய்ப் போன ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் வாயில் இவ்வடிவம் இயல்பாக வரும். கடிகார நேரத்தைக் கூறும்போதும் 'தொஷ்டா பாஜ்லோ' என்று 'டா' வரும். அங்கு எண்ணப்படுவது மணியடிகள். பத்து மணி நேரம் என்னும் அளவைக் கூறும்போதோ 'தொஷ் கொண்ட்டா' என்று அது மறையும். எண் இயைபே இல்லாத மொழி, அளத்தலையும் எண்ணுதலையும் வகைப்படுத்தியின் வரவாலும் மறைவாலும் பிரித்துக் காட்டுவது இங்குக் கருதத்தக்கது. இந்திய மொழிகளில் வகைப்படுத்திகளின் பரவலை எமனோ 1956-இல் எழுதிய, இந்தியாவை ஒரு மொழிப் பரப்பாகக் கொள்ளும் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். அதன் பின்னர் இப்பொருள் மொழியியலார் கவனத்திலிருந்து நீங்கியதில்லை.

இந்தியின் நிலை வேறு. தரப்படுத்தப்பட்ட இந்தியில் 'தஸ் சால் ஹோ கயே' என்று வினை பன்மையில் வரும். 'சால்' என்னும் பெயர் வடிவம் மாறாது. பெயர் மௌனமாயிருக்க வினையே எண்ணைக் காட்டும் இவ்வமைப்பு, பின்னர்க் காட்டப்படவுள்ள பழந்தமிழ் அமைப்பை ஒத்தது. ஆனால் கொல்கத்தாவின் தெருக்களில் கேட்பது பெரும்பாலும் 'தஸ் சால் ஹோ கயா' என்னும் ஒருமை வடிவமே. சுனிதி குமார் சட்டர்ஜி 1931-இல் கல்கத்தா இந்துசுதானி பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பல தாய்மொழியினர் கூடிப் பேசும் அக்கலப்பு வழக்கில் பால், எண் இயைபுகள் உதிர்ந்துபோவது அதன் தலையாய இயல்பு. வங்கத்தின் அழுத்தமும் பீகாரி மொழிகளின் அழுத்தமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படலாம். இயைபு எளிமைப்படும் இடங்களில் அளவுத்தொடர் முன்னிற்பது இயற்கையே எனலாம்.

ஆங்கிலத் தொடரின் வரலாறு

ஆங்கிலத்தில் இன்று 'இயர்ஸ்' என்று தெளிவான பன்மை ஈறு பெறும் சொல், பழைய ஆங்கிலத்தில் அவ்வாறு இல்லை. அக்காலத்து 'யேஆர்' என்னும் சொல் அலிப்பால் பெயர்களில் நெடில் அடிச்சொல் வகையைச் சார்ந்தது. எழுவாய் வேற்றுமையிலும் செயப்படுபொருள் வேற்றுமையிலும் அதற்கு ஒருமையும் பன்மையும் ஒரே வடிவம். இரவைக் குறித்த 'நிஹ்ட்' என்னும் சொல்லும் அத்தகையதே. இரவுகளைக் கொண்டு நாளை எண்ணிய வழக்கம் அக்காலத்தில் இருந்தமையால், பதினான்கு இரவு என்னும் தொடர் சுருங்கி 'ஃபோர்ட்நைட்' என்றாயிற்று. பன்மைத் தொடராகப் பிறந்த இச்சொல் இன்று ஒருமைப் பெயர். அதன்மேல் மீண்டும் பன்மை ஈறு சேர்த்து 'ஃபோர்ட்நைட்ஸ்' என்றும் கூறுவர். ஏழிரவு என்பதிலிருந்து வந்த 'செனைட்', பன்னிரு மாதம் என்பதிலிருந்து வந்த 'ட்வெல்வ்மந்த்' ஆகியனவும் இவ்வாறே உறைந்தவை. 'டென் இயர்' என்னும் ஈறற்ற வடிவம் இங்கிலாந்தின் கிளைமொழிகள் பலவற்றில் இன்றும் கேட்கப்படுகிறது. கல்லாதார் பிழை என்று பள்ளியாசிரியர் ஒதுக்கிய அவ்வடிவம், வரலாற்று நோக்கில் பழமையின் எச்சமே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில இலக்கணம் பள்ளிப் பாடமாயிற்று. 1795-இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கண நூல் பல பதிப்புகள் கண்டு, இந்தியப் பள்ளிகளிலும் வழங்கியது. எழுவாயின் எண்ணோடு வினை இயைதல் வேண்டும் என்பது அத்தகைய நூல்களின் முதன்மை விதிகளுள் ஒன்று. ஆனால் வழக்கு விதிக்கு முழுவதும் அடங்கவில்லை. 'பத்து ஆண்டு என்பது நீண்ட காலம்' என்னும் பொருளில் ஆங்கிலம் 'டென் இயர்ஸ் இஸ் எ லாங் டைம்' என்று ஒருமை வினையையே விரும்புகிறது. இங்குப் பன்மை வினை செவிக்கு ஏலாது. 'கழிந்தன' என்னும் பொருளில் 'டென் இயர்ஸ் ஹேவ் பாஸ்ட்' என்னும் பன்மையே பெருவழக்கு. 'ஹேஸ்' என்னும் ஒருமையும் அருகி வரும். 'ஆயிற்று' என்னும் பொருளிலோ 'இட் இஸ் டென் இயர்ஸ் சின்ஸ்' என்றும், அமெரிக்க வழக்கில் பெரிதும் 'இட் ஹேஸ் பீன் டென் இயர்ஸ்' என்றும், 'இட்' என்னும் பொருளற்ற எழுவாயை முன்னிறுத்தி ஒருமை வினையைக் கொள்ளும்.

ஆக, ஆங்கிலத்தில் இயைபை முடிவுசெய்வது எழுவாய் மட்டும் அன்று. பயனிலையின் இயல்பும் அதில் பங்கு கொள்கிறது. மதிப்பிடும் பயனிலை ஒருமை. நிகழ்வதைக் கூறும் பயனிலை பன்மை. அளவை மட்டும் அறிவிக்கும் தொடர் எழுவாயற்ற ஒருமை. எஸ்பர்சன் பன்மைப் பெயர்கள் ஓரலகாகக் கருதப்படுவதைத் தம் இலக்கண நூல்களில் எடுத்துக்காட்டினார். குவர்க்கும் அவருடன் மூவரும் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம் இதனைக் கருத்தியைபு என்னும் தலைப்பின்கீழ் அடக்கியது. வடிவியைபு, கருத்தியைபு என்னும் இப்பாகுபாடு பயனுடையதே. ஆயினும் கருத்து எப்போது வடிவை வெல்லும் என்பதற்கு அது போதிய விடை தரவில்லை. விடைக்குரிய சான்றுகள் திராவிட மொழிகளில் தெளிவாக உள்ளன.

தமிழ் இலக்கண மரபு

தொல்காப்பியம் அஃறிணையை ஒன்றறிசொல், பலவறிசொல் என்று பிரிக்கிறது. து, று, டு என்னும் ஈறுகள் ஒருமைக்கும், அ, ஆ, வ என்பன பன்மைக்கும் உரியவை. பெயரில் வரும் 'கள்' ஈற்றை அந்நூல் அறிந்திருந்தும் அதனைக் கட்டாயமாக்கவில்லை. ஈறு பெறாத அஃறிணை இயற்பெயர் ஒருமையா பன்மையா என்பது அது கொண்டு முடியும் வினையால் விளங்கும் என்பதே அங்குள்ள விதி. குதிரை ஓடிற்று எனின் ஒன்று. குதிரை ஓடின எனின் பல. நன்னூல் இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று வழங்கும். சங்க நூல்களில் அஃறிணைப் பெயர்களோடு 'கள்' அருகியே வருவதும் இதனோடு ஒத்துச் செல்கிறது. ஆகவே பழந்தமிழில் எண்ணைக் காட்டும் பொறுப்பு வினைக்குரியது. பெயருக்கு அப்பொறுப்பு கட்டாயமன்று. பெயரும் வினையும் இரண்டும் பன்மை காட்டும் 'ஆண்டுகள் ஆயின' என்னும் இரட்டைக் குறியீடு, தொன்மையான விதி அன்று. பின்னர்ப் பெருகிய வழக்கு.

காலப்பெயர் அளவுப்பெயரோடு ஒத்த நடையுடையது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. எண்ணுப்பெயரோடு அளவுப்பெயரும் நிறைப்பெயரும் புணரும் வகையைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் குற்றியலுகரப் புணரியலில் தனியே எடுத்துக் கூறுகிறது. புணர்ச்சி விதியேயாயினும், அளக்கும் அலகுகள் தனிவகைச் சொற்கள் என்ற உணர்வு அதில் வெளிப்படுகிறது. இன்றும் பத்து ரூபாய், ஐந்து முழம், மூன்று படி என்றே கூறுகிறோம். 'பையில் பத்து ரூபாய்கள் இருக்கின்றன' என்று எழுதுவோர் தனித்தனி நாணயங்களைக் கருதினாலன்றி அவ்வாறு எழுதுவதில்லை. ரூபாய்க்கும் முழத்துக்கும் தரப்படும் இச்சலுகை ஆண்டுக்கு மறுக்கப்படுவது ஏன் என்பதற்குப் பள்ளி இலக்கணத்தில் விடை இல்லை.

காலம் என்னும் சொல்லையே தொல்காப்பியம் ஓரிடத்தில் தனித்துக் கவனிக்கிறது. உயர்திணைப் பொருளைக் குறித்தும் உயர்திணைக்குரிய பால் வேறுபாடு கொள்ளாது அஃறிணை முடிபு பெறும் சொற்களுள் காலம், உலகம், ஞாயிறு, திங்கள் முதலியன எண்ணப்படுகின்றன. காலத்தைக் கடவுளாகக் கொண்டபோதும் 'காலம் வந்தது' என்றே முடித்தனர் பழையோர். (திங்கள் என்னும் சொல்லில் உள்ள 'கள்' பன்மை ஈறன்று என்பதை மாணவர்க்கு விளக்க வேண்டியிருப்பதும், நாள்களா நாட்களா என்னும் வழக்கு இன்னும் தீராதிருப்பதும், காலப்பெயர்களோடு 'கள்' இயல்பாகப் பொருந்தாமையை வேறு வகையில் நினைவூட்டுகின்றன.)

வடமொழி மரபிலும் ஒத்த செய்தி உண்டு. எண்ணுப்பெயர் முன்வரும் துவிகுத் தொகை ஒருமையாகும் என்பது பாணினியின் விதி. பஞ்சராத்திரம், நவராத்திரம் என்பன அவ்வாறு அமைந்தவை. வடமொழித் தொகை இலக்கணத்தைத் தமிழுக்குக் கொணர்ந்த வீரசோழியம் பதினோராம் நூற்றாண்டைச் சார்ந்தது. தொகைக்கு வெளியே, பத்து ஆண்டு சென்றன என்று பெயரையும் வினையெச்சத்தையும் பன்மையாக்குவதே வடமொழி உரைநடையின் வழக்கம். இரண்டனுள் முன்னதைத் தமிழ் எளிதாக ஏற்றது. 'நவராத்திரி வந்தது' என்கிறோம். ஒன்பது இரவாயிற்றே என்று 'வந்தன' என எவரும் திருத்துவதில்லை. பன்னிரண்டாண்டைக் குறிக்கும் மாமாங்கமும், நாற்பத்தெட்டு நாளைக் குறிக்கும் மண்டலமும் ஒருமையே.

கல்வெட்டுகள் மற்றொரு சான்று. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டு 'யாண்டு' என்னும் சொல்லுடன் எண்ணும் 'ஆவது' என்னும் சொல்லும் சேர்ந்து குறிக்கப்படும். முதற் பராந்தகனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்ச் சாசனங்கள் இம்முறைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள். இந்த 'ஆவது', ஆகு என்னும் வினையின் ஒருமை வினையாலணையும் பெயர். வரிசை எண்ணைக் குறிக்கும் உருபாக அது உறைந்துவிட்டது. எண்ணொன்று நிறைவதை 'ஆகு' என்னும் வினையின் ஒருமை வடிவால் கூறும் வழக்கின் பழமை இதனால் தெளிவாகும்.

'ஆகு' என்னும் வினை

கழிந்த காலத் தொடரின் உயிர்நிலை இவ்வினையில்தான் உள்ளது. 'அவர் இறந்து பத்து ஆண்டு ஆயிற்று' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. இங்கு இறந்தவர் 'அவர்'. ஆனது 'பத்து ஆண்டு'. வினைமுதல் வேறு, ஆயினும் தொடர் இயல்பாக உள்ளது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பது போன்ற தொடர்களை உரையாசிரியர் எச்சத்திரிபு, காரணகாரியத் தொடர்பு என்றெல்லாம் அமைத்துக்கொண்டனர். ஆனால் இறத்தல் பத்து ஆண்டுக்குக் காரணமன்று. அவ்வமைதி இங்கு உதவாது. பத்து ஆண்டு என்பது 'ஆயிற்று' என்னும் வினைக்கு எழுவாயே அன்று, நிரப்பியே என்று கொண்டால் சிக்கல் தீரும். 'நிகழ்வுக்குப் பின்னுள்ள இடைவெளி பத்து ஆண்டு என்னும் அளவை அடைந்தது' என்பதே தொடரின் பொருள். எழுவாய் வெளிப்படாத அந்த இடைவெளி, அது ஒன்றே. ஆகவே வினை ஒருமை. ஆங்கிலம் 'இட்' என்னும் பொய்யெழுவாயால் நிரப்பும் இடத்தைத் தமிழ் வெற்றிடமாக விட்டுவிடுகிறது.

இவ்விளக்கத்தை வலியுறுத்தும் சோதனைகள் சில உண்டு. 'குழந்தைக்கு ஐந்து வயது ஆயிற்று' என்போம். இயைபில் கண்டிப்பு மிக்க ஆசிரியரும் 'ஐந்து வயதுகள் ஆயின' என்று எழுதமாட்டார். 'பத்து மணி ஆயிற்று' என்பதை 'பத்து மணிகள் ஆயின' என்று திருத்தினால் அது பாசிமணியையோ கோயில் மணியையோ பற்றிய பேச்சாகிவிடும். வயதும் மணியும் விலக்கு என்று கூறுவதைவிட, 'ஆகு' வரும் அளவுத்தொடர் அனைத்துக்கும் ஒருமையே அடிப்படை என்று கூறுவது பொருந்தும்.

மிக வலிய சான்று தெலுங்கில் கிடைக்கிறது. தெலுங்கில் எண்ணுப்பெயரை அடுத்து வரும் ஆண்டு, மாதம் போன்ற பெயர்கள் பன்மை ஈறு பெறுவது வழக்கு. தமிழில் உள்ள விருப்பநிலை அங்கு இல்லை. அவ்வாறிருந்தும் 'பத்து ஆண்டு ஆயிற்று' என்னும் பொருளில் 'பதேள்ளயிந்தி' என்பர். 'ஏள்ளு' பன்மைப் பெயர். 'அயிந்தி' ஒருமை வினை. 'பத்து ஆண்டுகள் கழிந்தன' என்னும் பொருளிலோ 'பதேள்ளு கடிசாயி' என்று வினை பன்மையாகும். பெயர் மாறவில்லை, எண் மாறவில்லை, 'ஆகு' என்னும் வினை வந்தால் ஒருமை, 'கழி' என்னும் வினை வந்தால் பன்மை. பள்ளி இலக்கணம் தமிழில் பிழையென ஒதுக்கும் 'பத்து ஆண்டுகள் ஆகிறது' என்னும் அமைப்பு, உடன்பிறந்த மொழியில் குறைசொல்லப்படாத வழக்காக நிற்கிறது. பன்மைப் பெயர் நிரப்பியாக நிற்கும்போது வினை அதனோடு இயைய வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மலையாளம் வினையின் திணை, பால், எண் ஈறுகளை முற்றும் நீக்கிவிட்டமையால் இவ்வாய்வுக்கு உதவாது. கன்னடம் இரு வடிவையும் வழங்குகிறது.

பேச்சுத் தமிழ் 'பத்து வருஷம் ஆச்சு' என்பதோடு நின்றுவிடுகிறது. அங்கு அஃறிணைப் பன்மை வினையே வழக்கிழந்தமையால் இதனை மட்டும் கொண்டு எதனையும் நிறுவுதல் இயலாது. அஃறிணைப் பெயர்களில் ஒருமை வடிவமே பன்மைப் பொருளிலும் பெரிதும் வழங்குவதைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் சுட்டினார். அச்சு உரைநடை பெருகிய பின்னரே நிலை மாறிற்று. ஆங்கிலத்திலிருந்து செய்திகளை உடனுக்குடன் பெயர்த்த இதழ்கள் 'இயர்ஸ்' என்பதற்கு 'ஆண்டுகள்' என்றெழுதின. பெயரில் 'கள்' வந்தபின், தொல்காப்பியர் கூறிய பால் வழுவை விலக்கும் ஆர்வத்தில் வினையும் 'ஆயின', 'ஆகின்றன' என்றாயிற்று. 'ஒருமை பன்மை மயக்கம் நீக்குக' என்னும் தேர்வு வினா இதனை நிலைநிறுத்தியது. ஒன்று சேர்ந்தபின் மற்றொன்று தொடர்ந்தது என்பதே வரலாறு. 'ஆகின்றன' என்பது இன்று எழுத்து வழக்கில் ஊன்றிவிட்டது. அதனைப் பிழையென்று ஒதுக்குவது வரம்பு மீறிய செயலாகும். அது மட்டுமே சரி என்று கூறி ஒருமையை அடித்துத் திருத்துவதற்குத்தான் மரபிலும் சான்றில்லை, ஒப்பியலிலும் சான்றில்லை.

மொழிபெயர்ப்பில்

சால்ட் லேக்கின் கதையையே மீண்டும் எடுத்துக்கொண்டால், மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் தெரிவு விளங்கும். பணி தொடங்கியதற்கும் மாநாட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மட்டும் ஆங்கில மூலம் அறிவித்தால், 'பணி தொடங்கிப் பத்து ஆண்டு ஆகியிருந்தது' என்பதே உரிய தமிழ். சதுப்பை நம்பி மீன் வளர்த்துப் பிழைத்தவர் வாழ்வில் அந்த ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்று மூலம் கூறுமாயின், 'பத்து ஆண்டுகள் கழிந்தன' என்னும் பன்மை வேண்டும். வங்க மூலத்தில் அவ்விடத்தில் 'தொஷ்டா' என்று 'டா' வந்திருக்கவும் கூடும். வங்கத்திலிருந்து நேரே பெயர்ப்போர் இந்தச் சிறு ஒட்டைப் பொருளற்ற அசையாகக் கருதி விட்டுவிடுவதுண்டு. அதன் இடத்தைத் தமிழில் நிரப்பக்கூடியது 'கள்' ஈறும் பன்மை வினையுமே. இரண்டையும் முன்னரே எல்லாத் தொடருக்கும் செலவிட்டுவிட்ட மொழிபெயர்ப்பில், தேவைப்படும் இடத்தில் அவை பொருளற்றுப் போகின்றன.

சிக்கலைச் சுற்றிச் செல்லும் வழிகளும் தமிழில் பல. 'ஆகும்' என்னும் செய்யும் என் முற்றும், 'ஆகவில்லை' என்னும் எதிர்மறையும் ஒன்றற்கும் பலவற்றுக்கும் பொது. 'பத்தாண்டுக் காலம் கழிந்தது', 'பத்து மணி நேரம் ஆயிற்று' என்று காலம், நேரம் ஆகிய ஒருமைத் தலைச்சொற்களைச் சேர்ப்பது மிகப் பழகிய வழி. பத்து மணி என்பது கடிகாரத்தையும் பத்து மணி நேரம் என்பது அளவையும் குறிக்குமாறு பேச்சுவழக்கே இதனைப் பிரித்துக் கொண்டது. 'பத்து ஆண்டுகளுக்கு முன்' என்று நான்காம் வேற்றுமையில் வைத்தால் வினையோடு இயைபே இல்லை. ஆயினும் மூலத்தின் தொடர்கள் அனைத்தையும் இவ்வழிகளால் சமன்செய்துவிடுவது, அளத்தல் எண்ணுதல் வேறுபாட்டை மற்றொரு வாயிலால் இழப்பதேயாகும். சட்ட ஆவணங்களில் இவ்விழப்பு பொருட்படுத்தத்தக்கதன்று. புனைகதையிலும் வாழ்க்கை வரலாற்றிலும் அவ்வாறன்று.

சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டார் இன்று மென்பொருள் நிறுவனங்களால் நிறைந்தது. திரையில் தோன்றும் காலத்தொடர்களைப் பல மொழிகளில் அமைக்கும் மென்பொருளாளர்க்கும் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. யூனிக்கோடு கூட்டமைப்பின் மொழித் தரவுக் களஞ்சியம் ஒவ்வொரு மொழிக்கும் எண் வகைகளை வரையறுத்துள்ளது. தமிழுக்கு ஒன்று என்னும் எண்ணுக்கு ஒரு வகை, ஏனைய எண்களுக்கு ஒரு வகை. வங்கத்துக்குச் சுழியமும் ஒன்றும் ஒரே வகையில் அடங்கும். எண்ணைப் பார்த்து வடிவைத் தெரிவுசெய்ய இப்பாகுபாடு போதும். பத்து என்னும் ஒரே எண்ணை அடுத்து 'ஆயிற்று' வரும்போது ஒருமையும் 'கழிந்தன' வரும்போது பன்மையும் வேண்டப்படுவதைக் குறிக்க அதில் இடமில்லை. அத்தெரிவு தொடர் தோறும் மொழிபெயர்ப்பவரிடமே விடப்பட்டுள்ளது.